ஆறாவது ரீல்

வூட்ஜ் என்றால் எங்கள் மொழியில் படகு.
ஆறுகளையெல்லாம் தெருவுக்கடியில் குழாயில் விட்டுவிட்ட ஊருக்கு
எவன் வைத்த பேரோ.
அங்கேதான், பழைய நூற்பாலை ஒன்றின் நிலவறையில்,
ஒரு விண்கலத்துக்கு ஓசை செய்துகொண்டிருந்தேன்.

முதல் ஐந்து ரீல்களில் எனக்குச் சோலி குறைவு.
வெளியே வெற்றிடம்; அங்கே எது மோதினாலும் கேட்காது.
உள்ளே நான்கு பேர், வியாழனுக்குப் போகும் வழியில்
கணக்குப் போடுகிறார்கள், தாடி மழிக்கிறார்கள்.
ஒருத்தி தக்காளி நாற்றுக்குத் துளித்துளியாய் நீர் விடுகிறாள்.
நான் தந்தது
ஒரு ஸ்விட்ச், என் மேசை விளக்கினுடையது;
ஒரு கதவு, அது சைக்கிள் பம்ப்;
மற்றபடி மூச்சு, மூச்சு.
"இன்னும் குறை, ஃபெலித்ஸ்யா" என்பார் ஒல்கியெர்ட்,
காதுக்கவசத்தைக் கழற்றாமலே.
குறைத்தேன். கடைசியில்
கைக்கடிகாரத்தைக்கூட அவிழ்த்து அடுத்த அறையில் வைத்தேன்.

டிசம்பர் தொடக்கத்தில் ஆறாவது வந்தது.
இயக்குநர் செவெரின் முன்கூட்டி ஒன்றும் சொல்லவில்லை.
அதே கலம், அதே நீலவெளிச்சம்,
அதே பெண் நாற்றுக்கு நீர் விட்டுவிட்டுத் திரும்புகிறாள்:
சாப்பாட்டு மேசையில் ஐந்து தட்டு.
அவ்வளவுதான்.
அங்கிருந்து அது வேறு படம்.
வியாழனை எல்லோரும் மறந்துபோனார்கள்.
கணக்குப் போட்டவன் காற்றுக்குழாய்க்குள் ஒளிகிறான்.

எனக்கு வேலை தலைக்கு மேல் போயிற்று.
எலும்புக்குக் கேரட்.
சதைக்கு இறைச்சி கேட்டு ஸ்டுடியோ கடிதம் எழுத,
உயிரோடிருப்பவர்களுக்கே கூப்பன் போதவில்லை என்று பதில் வந்தது.
ஆகவே மூன்று உடம்புக்கும் முட்டைக்கோஸ்.
இரவு, இறந்தவர்களைச் சூப் வைத்துக் குடித்தோம்.
உப்பு கொஞ்சம் தூக்கல்.

ஐந்தாவது தட்டுக்கு உரியதற்கு நடை வேண்டும்.
திரையில் அது வருவதே இல்லை,
காலித் தாழ்வாரம் மட்டும்.
ஈரத்தோல் போட்டுப் பார்த்தேன், ரப்பர் பூட்ஸ், மணல்பை.
எல்லாவற்றுக்கும் செவெரின் உதட்டைப் பிதுக்கினார்.
அலுத்துப்போய்த் தேநீர் எடுக்க
வெறுங்காலோடு தகரத்தின்மேல் நடந்தேன்,
போன குளிரில் வழுக்கி விழுந்த இடக்காலோடு.
ஒன்று. பிறகு, இழுபடும் ஒன்று.
"அதுதான்! நிற்காதே, நட!"
கண்ணாடிக்கு அப்பால் அவர் எழுந்தே விட்டார்.

பதின்மூன்றாம் தேதி, ஞாயிறு.
தொலைபேசியை எடுத்தால் உள்ளே வெற்றிடம்.
ஜன்னலுக்குக் கீழே பனியை நெரித்துக்கொண்டு ஏதோ போனது.
உருளைக்கிழங்கு மாவைத் துணிப்பையில் கட்டி நெரிப்பேன் நான்,
முப்பது வருடமாய் அதுதான் பனி.
இந்த ஓசைக்கு எத்தனை மூட்டை மாவு பிடிக்கும்
என்றுதான் முதலில் தோன்றியது.
அப்புறமே சங்கிலிச் சக்கரங்கள் கண்ணில் பட்டன.
அதற்கும் அப்புறமே பயம்.
தெரு அதே தெரு.
ரொட்டிக்கு நின்றவர்கள் வரிசையை விடவில்லை.

திங்களன்று ஒல்கியெர்ட் வரவில்லை.
செவ்வாயும்.
மீதி ரீலை ஒரு பையன் பதிவு செய்தான்;
எவ்வளவு சத்தமிட்டாலும் சரி என்றான்.

படம் வெளிவர இரண்டு வருடம் ஆயிற்று.
டிக்கெட் வாங்கிக்கொண்டுதான் போனேன்.
ஐந்து ரீல் வரைக்கும் இருமல், மிட்டாய்க் காகிதம்.
ஐந்தாவது தட்டைக் கண்டதும் அரங்கு அடங்கியது.
தாழ்வாரத்தில் என் கால் வரத் தொடங்கியபோது
பக்கத்து இருக்கைப் பெண் என் கையையே பற்றிக்கொண்டாள்.
அவளுக்குத் தெரியாது.
மெல்ல விடுவித்துக்கொண்டு எழுந்தேன்,
இருட்டில் கதவை நோக்கி நடந்தேன்.
ஒன்று. பிறகு, இழுபடும் ஒன்று.
திரையிலும் தரையிலும் ஒரே நேரத்தில்.
யாரோ வீறிட்டார்கள்.

கடைசி வரிசையில், தொப்பியைக் கழற்றாத ஓர் ஆள்,
இளைத்துப்போன குரல், திரும்பிப் பார்க்காமலே:
"இன்னும் குறை, ஃபெலித்ஸ்யா."